யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

கன்னியர் நடத்திய பள்ளியில் படித்துவிட்டு, அவர்கள் கும்பிட்ட கடவுளைக் கும்பிடாமலே வாழ்கிற எத்தனையோ தமிழ்ப் பெண்களில் நானும் ஒருத்தி. என் கையெழுத்து அவர்கள் தந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்பதும், கூட்டத்தில் எழுந்து கால் நடுங்காமல் பேசுவதும் அவர்கள் பழக்கியவை. இதையெல்லாம் அவர்கள் எனக்குக் கொடுத்ததற்கு ஒரே காரணம் இயேசு. அந்தக் காரணத்தில் எனக்குப் பங்கில்லை. ஒருவர் தம் நம்பிக்கையின் பேரில் கொடுத்ததை, அந்த நம்பிக்கை இல்லாதவள் வாங்கிக்கொண்டு போய்விடலாமா? போகலாம் என்றால் அந்தக் கடனை யாரிடம் தீர்ப்பது? வயது ஏற ஏற இந்தக் கேள்வி என்னை விட மறுக்கிறது.

பெற்றவர்களிடம் பட்ட கடனைப் பெற்ற பிள்ளைகளிடம் தீர்க்கிறோம். சிஸ்டர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, சொத்து இல்லை. வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் ஒரு பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். நன்றி சொல்லப் போனால், "ஆண்டவருக்குச் சொல்லும்மா" என்பார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது?

பெண்களுக்கான கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் நேனோ நேகிள். நான் படித்த பள்ளி அவருடைய சபையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் என் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில்தான் ஏதோ பிடி கிடைக்கிறது. 1718-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பாலிகிரிஃபின் என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அன்றைய சட்டப்படி அங்கே கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தக் கூடாது. பிள்ளைகளைப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. காசுள்ளவர்கள் சட்டத்தை மீறி பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். நேனோவும் அப்படிப் படித்தவர்தான். பாரிஸ் விருந்துகளை அனுபவித்த இளம்பெண். ஊர் திரும்பியபின் ஒருநாள், உடை தைக்க வைத்திருந்த பட்டுத் துணியைத் தேடினாராம். தங்கை ஆன் அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். கொஞ்ச காலத்தில் அந்தச் சகோதரியும் இறந்துபோனார். நேனோவின் மனம் திரும்பியது அங்கேதான் என்று அவருடைய சபையில் இன்றும் சொல்கிறார்கள்.

1750-களில் கார்க் நகரத்தின் ஏழைத் தெரு ஒன்றில் முப்பது பெண்பிள்ளைகளோடு முதல் பள்ளியைத் தொடங்கினார். அரசுக்குத் தெரியாமல் மட்டுமில்லை, குடியிருந்த சகோதரர் வீட்டுக்கும் தெரியாமல். ஒருநாள் ஓர் ஏழை மனிதர் அந்த வீட்டுக்கு வந்து, மிஸ் நேகிள் பள்ளியில் என் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். பைத்தியக்காரன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சொன்ன சகோதரரிடம், ஆமாம் நான்தான் நடத்துகிறேன் என்று நேனோ ஒப்புக்கொண்டார். சகோதரருக்குக் கோபம் தலைக்கேறியது. பிடிபட்டால் குடும்பத்தின் சொத்துக்கே ஆபத்து. கோபம் ஆறிய பிறகு அதே குடும்பம் துணைக்கு நின்றது. 1769-இல் ஒரு கடிதத்தில் நேனோவே இதை எழுதியிருக்கிறார். அதற்குள் பள்ளிகள் ஏழாகியிருந்தன. பெண்பிள்ளைகளுக்கு ஐந்து, ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு. இரவில் லாந்தர் விளக்கோடு சந்துகளில் நடந்து நோயாளிகளைப் பார்க்கப் போவார். அந்த லாந்தர்தான் இன்றும் அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் அடையாளம்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு தகவலும் உண்டு. பெண்பிள்ளைகள் முதலில் வாசிக்கப் பழக வேண்டும். ஞானோபதேசம் மனப்பாடமான பிறகுதான் கைவேலை. ஆக, நேனோவுக்கு மதம்தான் முதல். அதை மறைத்துவிட்டு அவரை வெறும் கல்வி வள்ளலாகப் புகழ்வது நேர்மையாகாது. தம் மக்கள் தம் வேதத்தை இழந்துவிடக் கூடாது என்ற தவிப்பில் பிறந்த பள்ளி அது.

ஏழைகளுக்குக் கற்பிக்க ஊர்சுலின் கன்னியரைத் தம் பணத்தில் 1771-இல் கார்க் நகருக்கு வரவழைத்தார். அவர்களோ மடத்தின் மதிலைத் தாண்டி வெளியே வர முடியாத சபையினர். சந்துகளுக்குள் யார் போவது? 1775-இல், ஐம்பத்தேழு வயதில், தெருவில் நடக்கக்கூடிய கன்னியர் கூட்டம் ஒன்றைத் தாமே தொடங்கினார். 1777 கிறிஸ்துமஸ் அன்று புதிய மடத்தில் ஐம்பது பிச்சைக்காரர்களுக்கு விருந்து வைத்துத் தம் கையால் பரிமாறினார். 1784-இல் காலமானார். பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 1805-இல் திருத்தந்தையின் முழு அங்கீகாரம் கிடைத்தபோது, அந்த நடக்கும் கன்னியரும் மதிலுக்குள் அடைபட்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த பிறகுதான் அந்தக் கதவு நன்றாகத் திறந்தது.

மதிலுக்குள் வாழ வேண்டிய அவர்கள் கடலைத் தாண்டினார்கள் என்பதுதான் ஆச்சரியம். 1842-இல் நேனோவின் சபையினரான பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்கு, இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, வந்து சேர்ந்தார்கள். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஊர் திரும்புவோம் என்ற எண்ணமில்லாமல் கிளம்பிய இளம்பெண்கள். 1909-இல் மவுண்ட் ரோட்டில் சர்ச் பார்க் பள்ளி வந்தது. பின்னாளில் முதலமைச்சரான ஜெயலலிதா படித்த அதே பள்ளி.

இங்கே வந்தபின் நேனோவின் பாடத்திட்டம் தலைகீழானது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் பெருகினார்கள். நான் படித்த சிற்றூர் கான்வென்ட்டிலும் அப்படியோர் ஏற்பாட்டைத்தான் பார்த்தேன்: ஒரு பீரியட் மட்டும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள், மற்ற நாங்கள் மாரல் சயின்ஸுக்கு. லூர்து மாதா கெபி முன்னால் எல்லோரும் நிற்போம். தேர்வு நாளில் மெழுகுவர்த்தி ஏற்ற எங்களுக்குள் போட்டியே நடக்கும். மதம் மாறச் சொல்லி ஒருவரும் ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. விளையாட்டு மைதானத்தில் தமிழ் பேசினால் அபராதம் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் இருந்த தவறு தவறுதான். தாய்மொழியில் பேசக் கூச வைத்தது எந்த நல்ல பழக்கத்தாலும் ஈடாகாது. ஆனால் எங்களில் யாரும் தங்கள் வழிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும், அந்தப் பெண்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபித்துவிட்டு எங்களுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார்களே, அதை நான் என்னவென்று சொல்வேன்? காரணம் நிறைவேறாதபோதும் கொடுப்பதை நிறுத்தாதவர்கள் அவர்கள். அதனால் அவர்களுடைய நம்பிக்கை இல்லாத நானும் அதை வாங்கிக்கொண்டதில் தவறில்லை என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது.

திருப்பிக் கொடுப்பதுதான் பாக்கி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கான்வென்ட் மதிலுக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கும். ஒன்று ஆங்கிலவழி மெட்ரிகுலேஷன். வேன், கட்டணம், அட்மிஷனுக்குச் சிபாரிசு. பக்கத்தில் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி. சத்துணவு, இலவசப் பாடநூல், பஸ் பாஸ். பெரும்பாலும் வாசலும் தனித்தனி. நேனோ இன்று வந்தால் எந்த வாசலில் நிற்பார் என்று யோசிக்கவே வேண்டாம். முன்னாள் மாணவியர் கூட்டமோ எப்போதும் முதல் வாசலுக்குள்தான் நடக்கிறது. கல்வெட்டும் கலையரங்கமும் அங்கேதான் எழும்புகின்றன. சிஸ்டர்களை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். உதவி பெறும் பள்ளியில் கட்டணம் வாங்க முடியாது. ஒழுகும் கூரைக்கு யாராவது கொடுத்தால்தான் உண்டு. அந்த யாராவது நாங்கள்தான்.

எங்கள் செட்டின் வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிவிழாப் பணத்தை மேடைக்கு டைல்ஸ் போடக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, தமிழ்வழிப் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கொடுப்போம் என்றேன். "அது நம்ம ஸ்கூல் இல்லையே" என்று ஒருத்தி எழுதினாள். நல்ல தோழி, வன்மம் இல்லாதவள். எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அடுத்த ஆண்டே அந்தப் பக்கத்துக்கு மாற்றலாகிப் போனதை அவளுக்கு நினைவூட்டினேன். சிஸ்டருக்கு இரண்டும் ஒரே பள்ளிதான். பாதிப் பேர் என்னோடு சேர்ந்திருக்கிறார்கள். மீதிப் பேரை ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன்.