மூடிகள்

அலுமினியம் குளிர்ந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்ததும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் எது கை, எது மூடி என்று தோல் பிரித்துச் சொல்வதில்லை.

*

புல்லட்டின் டேப்பட் கவர். ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடி. பக்கத்தில் டைமிங் கவர், மல்லாந்து.

செய்தித்தாள். பிளாஸ்டிக் வாளி. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மொட்டை மாடியில் இன்னும் நீளமாக இருக்கிறது.

*

மூடியில் வெள்ளை பூத்திருக்கிறது. உப்புக்காற்றின் வேலை. அங்கங்கே ஊசிமுனைக் குழிகள்.

திருவொற்றியூரில் கட்டிய வண்டி. 1955-இல் தொடங்கிய கம்பெனி. பிறந்த இடத்திலேயே கடல்.

*

டீசலில் ஊறுகிறது. பழைய டூத் பிரஷ். பிசுக்கு கரைந்து ஓரமாக ஒதுங்குகிறது. திருகு ஓட்டைக்குள் இறுகிப்போன மண். எந்த ஊர் மண்ணோ.

*

கறுப்பு வாட்டர் பேப்பர். தாளின் முதுகில் எண் அச்சிட்டிருக்கிறது. 220. 320. 400. 600. எண் ஏற ஏற மணி சிறுக்கிறது.

தாளுக்கு அடியில் கட்டையாக, தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு. விரலால் மட்டும் தேய்த்தால் விரலின் அகலத்துக்குப் பள்ளம் விழும். செருப்பு சமமாக அழுத்துகிறது.

*

முதலில் கெடுகிறது.

மங்கலாகவாவது ஒரே சீராக இருந்த பரப்பு இப்போது முழுக்கக் கீறல். பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கை நிற்கவில்லை.

*

220 மேலும் கீழுமாக. 320 இடமும் வலமுமாக.

குறுக்கே போனால்தான் பழைய கீறல் கண்ணில் படும். கடைசிக் கீறலும் மறைந்தபிறகே அடுத்த தாள். ஒன்று தப்பினாலும் 2000 வரை கூடவே வரும். பளபளப்பு ஏற ஏற இன்னும் துலக்கமாகத் தெரியும்.

*

சத்தம் மாறுகிறது. 220-இல் கரகரப்பு. 400-இல் அரிசி களையும் சத்தம். 800-க்கு மேல் காது கொடுத்தால்தான் உண்டு.

கீழ்வீட்டில் குக்கர் விசில். பிறகு அதுவும் இல்லை.

*

தண்ணீர் கறுக்கிறது.

வெள்ளி நிற உலோகம்தான் தேய்கிறது. கறுப்புத் தாளின் மணியும் கொஞ்சம் உதிர்கிறது. ஆனாலும் இவ்வளவு கறுப்பு. உலோகம் மிக நுண்ணிய பொடியாகிவிட்டால் அதற்குள் போகும் ஒளி அங்குமிங்கும் மோதி அங்கேயே தங்கிவிடுகிறது.

வாளியில் கை விட்டால் விரல் தெரியவில்லை.

*

உரசி முடிக்கும் முன்பே மூடிக்கொள்கிறது.

காற்றைக் கண்ட கணமே அலுமினியம் ஓர் ஆக்சைடுத் தோலைப் போர்த்துகிறது. சில நானோமீட்டர் தடிமன். கண்ணுக்குத் தெரியாது. உலோகம் உருக 660 டிகிரி போதும். அதன் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

தாள் கீறுகிறது, தோல் மூடுகிறது. மறுபடி கீறுகிறது. மூடுகிறது. இத்தனை தேய்த்தும் விரல் அலுமினியத்தை இன்னும் தொடவில்லை.

*

அதே ஆக்சைடு மண்ணுக்கடியில் படிகமாக இறுகினால் குருந்தம். துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். எமரிக் கல்லில் இருப்பதும் குருந்தம். பல பாலிஷ் பசைகளில் இருக்கும் பொடியும் அதுவே.

அந்தப் பசை தொட்டால் அலுமினியம் தன் தோலின் பொடியாலேயே மினுக்கப்படுகிறது. இதை நினைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் கை ஓடுகிறது. பிறகு நினைப்பு கழன்றுவிடுகிறது. கை ஓடுகிறது.

*

நாளை மின்கட்டணத்துக்குக் கடைசி நாள்.

400.

*

1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஓர் அலுமினியப் பிரமிடை வைத்தார்கள். அன்றைக்கு அலுமினியம் ஏறக்குறைய வெள்ளியின் விலை.

1886. அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹால். பிரான்சில் போல் எரூ. ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டுபிடிக்கிறார்கள்: உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவது. இருவரும் 1863-இல் பிறந்தவர்கள். இருவரும் 1914-இல் இறந்தார்கள்.

அதன்பிறகு அலுமினியம் சோற்றுக் குண்டானாயிற்று. இட்லிப் பானையாயிற்று. இந்த மூடியும் ஆயிற்று.

*

சேர்வராயன் மலையில் சிவந்த பாக்சைட். மேட்டூரில் அதை உலோகமாக்கினார்கள், 1960-களிலிருந்து. அந்த உருக்காலை இப்போது ஓடவில்லை.

இந்த மூடியின் உலோகம் எந்த மலையில் இருந்தது என்று அதில் எங்கும் எழுதியில்லை.

*

600-இல் ஒரு புள்ளி தெரிகிறது. தேய்த்தால் போகவில்லை. அகலமாகிறது.

உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உள்வாங்கும். இறுகும்போது வெளியே தள்ளும். வெளியேற வழி கிடைக்காத குமிழி அங்கேயே நின்றுவிடும். வார்ப்படத்தில் ஊற்றிய நாளிலிருந்து மூடியிருந்த ஒரு சிறு அறை. இப்போது திறந்திருக்கிறது.

மேலும் தேய்த்தால் அடுத்த அறை திறக்கலாம். தாள் அந்த இடத்தை லேசாகக் கடக்கிறது.

*

விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கின்றன. நகக்கண்ணில் கறுப்பு. ரேகை பாதி தேய்ந்துவிட்டது. ரேஷன் கடைக் கைரேகை மெஷின் ஒப்புக்கொள்ளுமோ என்னவோ.

*

பஃபிங் பட்டறையில் கொடுத்தால் சீக்கிரம் முடியும். மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரம், பச்சை சோப்பு, அழுத்திப் பிடிக்கும் கை. சாயங்காலம் கண்ணாடியாகத் திரும்பி வரும். திருகு ஓட்டைகளின் விளிம்பு உருண்டிருக்கும். கோணங்கள் கரைந்திருக்கும். மூடி கொஞ்சம் மெழுகு பொம்மையாகத் திரும்பும்.

கையால் செய்தால் விளிம்பு விளிம்பாகவே நிற்கிறது. இதைப் பெருமை என்று சொல்வதா, பிடிவாதம் என்று சொல்வதா. காற்று கொஞ்சம் வருகிறது.

*

பிராஸோவின் அமோனியா நெடி. மூக்கு சுருங்குகிறது. பிறகு பழகிவிடுகிறது.

பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டி மிஞ்சியது, கிலோ கணக்கில் வாங்கியது. கையில் அகப்பட்ட துண்டில் ஒரு பூனையின் காதும் பாதிக் கண்ணும். குழந்தைச் சட்டைக்கு அச்சடித்தது. மீதிப் பூனையை யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அரைக் கண்ணின் மேல் பசை. வட்டம் வட்டமாக. கண் கறுக்கிறது.

*

டேப்பட் கவரில் முகம் தெரியவில்லை. முகம் இருக்கும் இடம் தெரிகிறது. சற்று அசைந்தால் அதுவும் அசைகிறது.

ஒரு காக்கை கடக்கிறது. மூடிக்குள்ளும்.

*

பளபளப்பு என்று தனியாக எதுவும் பூசவில்லை. கீறல்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறுத்துவிட்டதால் கண் விட்டுவிடுகிறது.

*

டைமிங் கவரின் உள்பக்கம். வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே. அங்கே யாரும் தாள் வைப்பதில்லை. பல்சக்கரங்களும் இரண்டு கேம்களும் ஆயிலும் மட்டும் பார்க்கும் பக்கம். விரலை ஓட்டினால் தோல் இடறுகிறது.

வெளியே 800. உள்ளே பழைய நாள்.

*

பேக்கிங் உட்காரும் விளிம்பில் டேப் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆயில் கசியும். ஆயில் போகும் துளைகளையும் டேப்பால் அடைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி அந்த வழியில் இறங்கினால் பிக் எண்ட் வரை போகும். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அவ்வளவு பெரிய துடிப்பை ஒரு மணல்துகள் நிறுத்திவிடும்.

பூட்டும் முன் பஞ்சர் கடையில் காற்றடித்து ஊத வேண்டும். டீசல். மறுபடி காற்று.

*

நிழல் தொட்டியடிக்குள் சுருங்கிவிட்டது. வெயில் மூடியின் மேல். உலோகம் சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது.

தேய்க்கும் கை எப்போதோ இடக்கையாகியிருக்கிறது. மாற்றியது நினைவில் இல்லை.

*

டேப்பட் கவர் போதும்.

டைமிங் கவர் 800-இல் நிற்கிறது. ஆயிரம் நம்பர் தாள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். பிரைமரி கவர் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. அதைக் கழற்ற ஆயிலை வடித்து, இடது ஃபுட்ரெஸ்ட்டை எடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய மூடிக்கும் நடுவில் ஒரே நட்டு.