தொட்டிக்குள் ஓர் உயிர்: இளம் ஜூனிப்பரும் வடிவமைக்கும் உரிமையும்

உயிருள்ள ஒன்றை அதன் போக்கில் விடாமல் தன் கண்ணுக்கு உகந்த வடிவத்துக்கு வளைக்க மனிதருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி கல்வியிலும் குழந்தை வளர்ப்பிலும் துறவுப் பயிற்சியிலும் பல திரைகளுக்குப் பின்னால் நின்று எழுவது; மரத்தைச் சிறு தொட்டியில் வளர்த்து வடிவமைக்கும் போன்சாய்க் கலையில் அது திரையின்றி எழுகிறது. அங்கே வளைக்கப்படும் உயிர் பேசாது, ஒப்புதல் தராது. வளைப்பதால் அதற்கு என்ன நன்மை என்று கேட்டால் எளிதில் விடை சொல்லவும் முடியாது. சீனத்தில் 706ஆம் ஆண்டளவில் அமைந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறை ஓவியத்திலேயே சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டை ஏந்திய பணியாளர் காணப்படுகின்றனர். ஜப்பானில் 1309ஐச் சேர்ந்த கசுகா கோயிலின் ஓவியச் சுருளிலும் தொட்டி மரங்கள் இடம்பெறுகின்றன. இவ்வளவு நீண்ட மரபுடைய கலையை அதன் புகழ்பெற்ற முதுமரங்களை முன்வைத்தே பேசுவது வழக்கம். ஆயினும் அதன் அறக்கேள்வி கூர்மை பெறுவது, இக்கலையில் புதிதாக நுழையும் ஒருவர் நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கிவந்த இளம் ஜூனிப்பரின் முன் கத்தரியோடு அமரும்போதுதான்; அந்த மரத்துக்கு இன்னும் எந்த வடிவமும் விதிக்கப்படவில்லை, விதிக்காமல் விட்டுவிடுவதும் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

ஜூனிப்பர் என்பது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம். புதியவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது, ஜப்பானைத் தாயகமாகக் கொண்டு தரையோடு படர்ந்து வளரும் ‘புரோகம்பன்ஸ்’ இனத்தின் குட்டை வகை. அதன் கிளைகள் எளிதில் வளைபவை. மேல்மண்ணை விலக்கித் தண்டு வேராக விரியும் இடத்தைக் கண்டறிவதும், தண்டின் எந்த ஓட்டம் முதன்மையாக நிற்க வேண்டும் எனத் தீர்மானிப்பதும், மிகையான கிளைகளைக் கவாத்து செய்வதும் முதற்கட்ட வேலைகள். எஞ்சிய கிளைகளின் மீது அலுமினியக் கம்பி சுமார் 45 பாகைச் சாய்வில் சுற்றப்படுகிறது. கம்பியின் தடிமன் கிளையின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது கைவேலைக்காரர்களின் கணக்கு. வளைவின் உட்புறத்தில் கட்டைவிரல்களை ஊன்றிக் கிளையைச் சிறிது சிறிதாக வளைக்கும்போது அதன் நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கிழிகின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள, புதிய திசுவை உண்டாக்கும் வளர்படை என்னும் மெல்லிய அடுக்கு, அந்தக் கிழிசலை ஆற்றிப் புதிய மரத்தைப் படியவைக்கிறது. பல மாதங்கள் கழித்துக் கம்பியை அகற்றிய பின்னும் கிளை வளைந்தே நிற்பதற்குக் காரணம் அந்தப் புதிய மரம்தான். கம்பியை முன்னதாகவே எடுத்துவிட்டால் கிளை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காலம் கடந்து விட்டுவைத்தால் கம்பி பட்டைக்குள் புதைந்து, பல ஆண்டுகள் மறையாத சுருள் தழும்பை விட்டுச்செல்லும்.

இந்த உடலியல் செய்தி தத்துவக் கேள்விக்கு நேராகப் பயன்படுகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன அறிஞர் மென்சியஸின் பெயரிலுள்ள நூலில், காவ்சி என்பவர் மனித இயல்பை ஒருவகை வில்லோ மரத்துக்கும் அறத்தை அம்மரத்தால் செய்த கிண்ணத்துக்கும் ஒப்பிடுகிறார். மரத்தைச் சிதைத்துத்தான் கிண்ணம் செய்ய முடியும் என்றால் மனிதரைச் சிதைத்துத்தான் அறவோராக்க முடியும் என்று ஆகிவிடாதா என மென்சியஸ் மறுக்கிறார். கிண்ணம் உருவாகும்போது மரம் முடிந்துவிடுகிறது என்பதே இவ்விவாதத்தின் ஆணிவேர். போன்சாயில் நிலைமை வேறு. அங்கே மரம் முடிந்தால் வடிவமும் முடியும். அந்த வடிவத்தைத் தாங்குவதே மரத்தின் தொடர்ந்த வளர்ச்சிதான். ஆகவே வளைத்தல் எல்லாவற்றையும் வன்முறை என்ற ஒரே பெயரால் அழைப்பது, மரத்தை வெட்டிப் பொருளாக்குவதற்கும் வாழும் மரத்தோடு சேர்ந்து ஓர் உருவத்தை எட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

இதனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. காயத்தை ஆற்றிக்கொள்வது உயிரின் இயல்பு; ஆற்றிக்கொண்டது என்பதற்காக அது காயத்துக்கு இசைந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த மறுப்பை வேறெவரையும்விட ஆழ்ந்த உணர்ச்சியோடு எழுதியவர் சீன எழுத்தாளர் கோங் சிசென் (1792–1841). பிளம் மரங்கள் கோணலாகவும் மெலிந்தும் இருந்தால்தான் அழகு என்று நினைத்த கற்றோரின் சுவைக்காக, நேரான தண்டுகளை வெட்டியும் புதிய கிளைகளை முடக்கியும் விற்ற வணிகத்தைக் கண்டு, நோயுற்ற 300 தொட்டி மரங்களை அவர் விலைக்கு வாங்கி, தொட்டிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, அவற்றை மண்ணில் நட்டுக் குணப்படுத்த உறுதிபூண்டதாக 1839இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அரசின் கெடுபிடியில் கூன்விழுந்த அறிவாளர் வர்க்கத்தைப் பற்றிய உருவகமாகவே அது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. ஆனால் மரங்களைப் பற்றிய நேரடிச் சொல்லாகவும் அதற்கு முழு மதிப்பு உண்டு. ஜப்பானியத் துறவி யோஷிதா கென்கோ, 14ஆம் நூற்றாண்டில் தொகுத்த தம் குறிப்புகளில், கோணல்மாணலான தொட்டி மரங்களை விரும்பிவந்த ஹினோ சுகெதோமோ என்ற பிரபு, கியோத்தோவின் தோஜி கோயில் வாயிலில் உடல் முறுக்கிய இரவலர்களைக் கண்டபின் தம் மரங்களையெல்லாம் வீசியெறிந்த செய்தியைக் குறிப்பிடுகிறார். மனிதரின் உடற்குறையை அருவருப்போடு நோக்கிய சுகெதோமோவின் பார்வையை ஏற்க இயலாது. எனினும், இயல்பல்லாத வடிவத்தில் மட்டும் இன்பம் தேடும் கண் பழுதானது என்ற அவருடைய ஐயம் நியாயமானதே.

மரத்துக்கு உணர்வு உண்டா என்பதைப் பொறுத்து இக்குற்றச்சாட்டின் எடை மாறும். பௌத்தத் துறவியருக்கான விதிகளில் செடிகொடிகளைச் சேதப்படுத்துவது அறிக்கையிட்டுத் தீர்க்க வேண்டிய குற்றமாகவே வைக்கப்பட்டுள்ளது. ஆளவி என்ற ஊரில் துறவி ஒருவர் மரம் வெட்டியபோது, ஒரே புலனுடைய உயிரைத் துன்புறுத்துகிறார்களே என்று மக்கள் பழித்ததை அவ்விதியின் பின்னணியாக வினய நூல் சொல்கிறது. சமணம் உறுதியாகப் பற்றிநின்ற இந்த வகைப்பாட்டைத் தமிழர் அறிவர். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிராகக் கொள்கிறது. கிழக்காசியாவில் சிந்தனை வேறு திசையில் சென்றது. சீனத்தின் தியெந்தாய் என்னும் பௌத்தப் பிரிவைச் சேர்ந்த சான்ரான் (711–782), புத்தராகும் உள்ளாற்றலான புத்த இயல்பு உணர்வற்ற பொருள்களிலும் நிறைந்துள்ளது என்று வாதிட்டார். ஜப்பானின் தெந்தாய்த் துறவி ரியோகெனின் (912–985) பெயரில் வழங்கும் சிறுநூல், செடி முளைத்து, நிலைத்து, மாறி, மடிவதையே ஞான வேட்கை தொடங்கி நிர்வாணம் வரையான நான்கு படிகளாகக் காண்கிறது. இக்கொள்கையை ஏற்பவருக்குப் போன்சாய் இன்னும் கடினமானதாகிவிடுகிறது. மரம் தன் வளர்ச்சியாலேயே தவம் இயற்றுகிறது என்றால், அதை வளைப்பவர் ஒரு தவத்தின் நடுவே கைவைக்கிறார்.

அப்படியானால் கைவைப்பதற்கு எல்லை எது? ஜூனிப்பரே அந்த எல்லையைப் பெருமளவு வரைந்து காட்டுகிறது என்பதுதான் இம்மரத்தைத் தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றதாக்கும் ஆழ்ந்த காரணம். தன் வலிமையைத் தழையிலேயே பெருமளவு சேர்த்துவைக்கும் மரம் அது. பழைய மொட்டைக் கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பது அரிது. பச்சை முழுவதும் பறிக்கப்பட்ட கிளை பெரும்பாலும் இறந்துபோகும். ஒரே வேளையில் அளவுக்கு மீறிக் கவாத்து செய்தால், முதிர்ந்த செதிலிலைகளுடைய வகைகளும் இளமையில் இருந்த முள்ளூசித் தழைக்குத் திரும்பிவிடுகின்றன. மரத்தின் முறையீடு என்று அதைக் கொள்வதில் தவறில்லை. எல்லாவற்றினும் கொடியது, அதன் இறப்பு உடனே தெரியாது என்பது. வெயிலும் குளிர்காலத் தூக்கமும் இல்லாத வீட்டு அறைக்குள் வைக்கப்பட்டோ, வேர் அழுகியோ, ஒரு முறை முற்றிலும் காய்ந்தோ உயிரிழந்த ஜூனிப்பர் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். அந்த வாரங்களில் அதற்கு நீர் ஊற்றுபவர், கம்பி சுற்றுபவர், அதன் அழகை மெச்சுபவர் எல்லோரும் இறந்த மரத்தோடுதான் உறவாடிக்கொண்டிருக்கின்றனர். கண் விரும்பும் பச்சை உயிருக்குச் சான்றல்ல என்பதால், தழையைத் தொட்டு அது மென்மையோடு இருக்கிறதா, நொறுங்குகிறதா என அறிவதும், நுனிகளில் இளம்பச்சை வளர்ச்சி தெரியும்வரை அடுத்த வேலையைத் தள்ளிப்போடுவதும் தோட்டக்கலை நுட்பம் மட்டுமாக நின்றுவிடுவதில்லை. வளைப்பவர் தம் விருப்பத்தை மரத்தின் பதிலுக்குக் கீழ்ப்படுத்தும் ஒழுக்கம் அது.

முதுமையைப் பொய்யாகப் புனைவது குறித்த கேள்வி தனியே நிற்கிறது. ஜப்பானின் நீகத்தா மாவட்டத்து இத்தோய்கவா மலைப்பாறைகளில் வளரும் சிம்பாகு ஜூனிப்பர்களின் கிளைகள் பனியாலும் கல்வீழ்ச்சியாலும் பட்டுப்போய் வெள்ளெலும்பாக நிற்க, பக்கத்திலேயே ஒரு கீற்றுப் பட்டை மட்டும் உயிரோடு ஓடித் தழையைக் காக்கும். இவ்வாறு வெளுத்த கிளையை ஜின் என்றும், தண்டில் ஓடும் பட்டுப்போன கட்டையை ஷாரி என்றும் அழைப்பர். புதியவர் பலரும் சில ஆண்டே வயதான கன்றின் பட்டையை உரித்து, நார்களை இடுக்கியால் கிழித்து, சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் பூசி அந்தத் தோற்றத்தை வரவழைக்க முற்படுகின்றனர். எப்படியும் அகற்றியிருக்க வேண்டிய கிளையை அவ்வாறு செய்வதில் பெரிய குற்றமில்லை. மரம் படாத துன்பத்தைப் பட்டதாகக் காட்டவே உயிருள்ள பட்டையை உரிப்பது, கோங் சிசென் கண்ட வணிகத்திலிருந்து அதிகம் விலகியதன்று. ஆனால் பாறையிலிருந்து உண்மையான முதுமரத்தைப் பெயர்த்துவருவது இதைவிடத் தூயது என்றும் சொல்வதற்கில்லை. கயிறு கட்டி இறங்கிய மர வேட்டையாளர்களால் அந்த மலைகளின் பழைய சிம்பாகுகள் கடந்த நூற்றாண்டில் அரிதாகிப்போயின. போத்து வைத்து வளர்த்த எளிய நாற்றுப்பண்ணைக் கன்றை எடுத்து அமைதியாகக் காத்திருப்பவரின் கை, அவ்வகையில், பெரும் சேகரிப்புகளை உடையவரின் கையைவிடச் சுத்தமானது.

கோங் சிசென் சொன்ன மருந்தும் இங்கே உண்மையாகவே கிடைக்கிறது. தொட்டியில் உள்ள ஜூனிப்பரை, அதற்கு ஏற்ற குளிர்ந்த நாட்டில், எந்த வசந்தத்திலும் நிலத்தில் நட்டுவிடலாம். வேர் பரவியதும் அது தன் போக்கில் விரிந்து, சில ஆண்டுகளில் மனிதர் தந்த வரைகோட்டைத் தழைக்குள் மூழ்கடித்துவிடும். இளம் மரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தொட்டி மாற்ற வேண்டும். அப்போது வேர்க்கட்டியைக் கையில் ஏந்தி, பழைய மண்ணை ஓரளவு உதிர்த்து, நீண்ட வேர்களைக் கத்தரித்து, மீண்டும் அதே ஆழமற்ற தொட்டியில் வைப்பவர், முன்பு ஒரு முறை எடுத்த முடிவையே மறுபடியும் எடுக்கிறார். அந்த வேளையில் நிலமும் பக்கத்திலேயேதான் இருக்கிறது.