வரும்போது பூசை, போகும்போது பொய்யா?



புதுசா ஒரு கார் வாங்கினால் முதலில் எங்கே ஓட்டிக்கொண்டு போகிறோம்? கோயிலுக்குத்தான். அது ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோயிலாக இருக்கலாம், குளுவாங்கிலோ மாசாயிலோ நம் வீட்டுப் பக்கத்துக் கோயிலாக இருக்கலாம். ஐயர் வருகிறார். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்துகொள்கிறார். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை மறுபடியும் பொட்டு, மாலை, கற்பூரம்.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே காரை விற்கும்போது என்ன நடக்கிறது? பிள்ளையாரைக் கழற்றிப் பையில் வைக்கிறோம். இருக்கைகளைக் கழுவுகிறோம், வாசனை அடிக்கிறோம். ஏர்கோன் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது, அதைச் சொல்வதில்லை. பின்பக்கம் ஒரு முறை இடிபட்டது, அதையும் சொல்வதில்லை. "காடி நல்லா இருக்கு அண்ணே, வீட்டுக்காரங்க மட்டும் ஓட்டினது" என்று சொல்லி, மனத்துக்குத் தோன்றிய ஒரு தொகையைக் கேட்கிறோம்.

வரும்போது பூசை செய்த பொருளைப் பொய் சொல்லி அனுப்பலாமா? இந்த மாதம் நாம் சிந்திக்க வேண்டியது இதுதான்.

"சாமி, கார் விக்கிறது வியாபாரம். அதுல எதுக்குத் தர்மத்தை இழுக்கிறீங்க?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு மகாபாரதத்தில் சாந்தி பருவத்திலேயே பதில் இருக்கிறது. அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் தருமருக்குச் சொன்ன கதை அது.

ஜாஜலி என்று ஒரு முனிவர். மரக்கட்டை மாதிரி அசையாமல் நின்று தவம் செய்தார். அவருடைய சடைமுடியில் குருவிகள் வந்து கூடு கட்டின, முட்டையிட்டன, குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோகும் வரை அவர் அசையவே இல்லை. அதன்பிறகு அவருக்குக் கர்வம் வந்துவிட்டது: "தர்மத்தை அடைந்துவிட்டேன்!" உடனே ஓர் அசரீரி கேட்டது: தர்மத்தில் நீ காசியில் இருக்கும் துலாதாரனுக்கு ஈடாக மாட்டாய். யார் அந்தத் துலாதாரன் என்று தேடிக்கொண்டு போனால், அவர் கடையில் உட்கார்ந்து சாமான் விற்றுக்கொண்டிருக்கிற ஒரு வியாபாரி! துலாதாரன் என்றால் தராசு பிடிப்பவன் என்று பொருள். முனிவர் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான்: நான் வஞ்சனையில்லாமல் வாங்குகிறேன், வஞ்சனையில்லாமல் விற்கிறேன், என் தராசு எல்லா உயிருக்கும் ஒன்றுபோல நிற்கிறது.

காட்டில் தவம் செய்தவர் கடைத்தெருவுக்கு வந்து தர்மம் கற்றுக்கொண்டார். வள்ளுவரும் அப்படித்தான். நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில் தராசைச் சான்றோருக்கு உவமையாக வைத்துவிட்டு, அதிகாரத்தின் கடைசிக் குறளை, அதாவது 120ஆவது குறளை, வாணிகம் செய்கிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். விலை சொல்வதும் ஒருவகையில் தீர்ப்புச் சொல்வதுதான்.

சரி, நியாயமான விலை என்றால் என்ன? ஒரே வரியில் சொல்கிறேன், மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் காரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாங்க வருகிறவருக்கும் தெரிந்திருந்தால், அவர் மனமுவந்து என்ன கொடுப்பாரோ அதுதான் நியாய விலை. அதற்கு மேல் வாங்குகிற ஒவ்வொரு வெள்ளியும் அவருடைய அறியாமைக்கு நாம் போட்ட விலை. அந்தக் காலத்தில் ஏமாற்றுக்கார வியாபாரி தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டுவான். இன்று நாம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும், அதுவே புளி ஒட்டினதுதான்.

இதை எப்படிச் செய்வது? கொஞ்சம் கணக்குப் போடலாம்.

முதலில் உங்கள் காரைப் போலவே இருக்கிற, அதே மாடல், அதே வருடம், அதே கியர் உள்ள கார்களுக்கு விளம்பரத்தில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு பத்துப் பாருங்கள். அது கேட்கிற விலைதான், விற்ற விலை இல்லை என்பதை மறக்க வேண்டாம். வியாபாரியின் விலையில் கடை வாடகை, லாபம், சில இடங்களில் உத்தரவாதம் எல்லாம் சேர்ந்திருக்கும். நீங்கள் உத்தரவாதம் தரப்போவதில்லை, அதனால் அந்த விலையைக் கேட்க உங்களுக்கு நியாயமில்லை. அதேபோல வியாபாரி உங்களிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லும் விலை குறைவாகத்தான் இருக்கும், அவர் அதை மறுபடி விற்றாக வேண்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தனியாள் தனியாளுக்கு விற்கும் விலை நிற்கும்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் பழைய மைவியைப் போன்ற வண்டிகளுக்கு நடுவாக 16,000 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டிக்கு நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, மாற்ற 700 வெள்ளி. ஏர்கோன் கம்ப்ரெசர் போகிற நிலையில் இருக்கிறது, பட்டறையில் 1,000 வெள்ளி என்கிறார்கள். இரண்டையும் கழித்தால் 14,300. பேரம் பேசுவது நம் ஊர் வழக்கம்தானே, அதனால் 14,800 என்று சொல்லிவிட்டு 14,300க்கு இறங்கி வருவதில் தப்பில்லை. கொஞ்சம் குறைப்பார்கள் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனால் விவரம் தெரியாத ஒருவன் மாட்டுவான் என்று காத்திருந்து 18,000 சொல்வது பேரம் இல்லை, தூண்டில்.

கணக்கில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. வங்கிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்பது உங்கள் கவலை. அதைக் கட்டி முடிக்கும் அளவுக்கு விலை வைத்தால், உங்கள் கடனை வாங்குகிறவர் தலையில் கட்டுகிறீர்கள். ஸ்போர்ட் ரிம்முக்கும் பாட்டுப் பெட்டிக்கும் நீங்கள் 4,000 வெள்ளி செலவழித்தீர்கள் என்றால் அது உங்கள் ஆசைக்குச் செய்த செலவு. "இது எங்கப்பா வாங்கின காடி" என்ற பாசமும் அப்படித்தான். பாசம் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் பற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டி அடுத்தவரிடம் பணம் கேட்கக் கூடாது.

நம் ஜொகூரில் இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பக்கமெல்லாம் மூழ்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் சிகாமட், குளுவாங், பத்து பஹாட், யோங் பெங் என்று மறுபடியும் தண்ணீர். 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். வீட்டைச் சுத்தம் செய்வதுபோல காரையும் கழுவிக் காயவைத்துவிடலாம், வெளியே பார்த்தால் பளபளவென்றிருக்கும். ஆனால் சேற்றுத் தண்ணீர் ஒயர் இணைப்புகளுக்குள் போனால் உப்புப் பூத்து, மெதுவாக அரிக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து விளக்கு அணையலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நிற்கலாம், விபத்தில் காற்றுப்பை விரியாமல் போகலாம். கம்பளத்துக்கு அடியில் மண், இருக்கை ஓடும் தண்டில் துரு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தெரியும் கறை, மூடி வைத்தால் வரும் புழுங்கல் வாடை, இதெல்லாம் அதற்கு அடையாளம். வாங்கப் போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள். விற்கப் போகிறவர்கள், அவர் பார்ப்பதற்கு முன்னாடியே சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த காருக்கு வெள்ளத்தை மறைத்த விலை ஒன்று, சொன்ன விலை ஒன்று. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பணம் இல்லை, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போகிற ஒரு குடும்பம்.

பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. மீட்டர் கிலோமீட்டரைத்தான் காட்டும். நெரிசலில் நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடிய மணிநேரத்தைக் காட்டாது. "மைலேஜ் கம்மி" என்று சொல்லி அதிக விலை கேட்டால் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீட்டரையே குறைத்து வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது திருட்டு.

"புஸ்பாகோம் பாஸ் பண்ணிடுச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள். பெயர் மாற்றுவதற்கான பி5 பரிசோதனை, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்பதை முக்கியமாகப் பார்ப்பது. உங்கள் கியர்பாக்ஸ் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்று அது சொல்லவில்லை. சட்டமும் ஓரளவுக்குத்தான் வரும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொழிலாக விற்பவர்களை நோக்கியது. வீட்டு வாசலில் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் பழைய காரில், பார்த்து வாங்குவது பெரும்பாலும் வாங்குகிறவர் பொறுப்பாகிவிடுகிறது. சட்டம் கை கழுவுகிற இடத்தில்தான் தர்மம் கண் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய காரை யார் வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். புதுசு வாங்க முடியாதவர்கள். ரொம்பப் பழைய வண்டிக்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது, ஆகவே அவர்கள் கொண்டுவருவது சேமித்த ரொக்கம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் கூடுதல் வேலை செய்து சேர்த்த பணம், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப் போகலாம் என்று சேர்த்த பணம். அந்தக் கார் இரண்டாம் மாதமே பட்டறையில் படுத்துவிட்டால் அவர்களுக்கு அடுத்த கார் கிடையாது.

இன்னொன்று. "கோயில்ல பார்த்த முகம், நம்ம ஆளு, நம்பி வாங்குங்க" என்று சொல்கிறோம். அந்த நம்பிக்கை நாம் சம்பாதித்தது இல்லை, அம்பாள் சந்நிதியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் வந்தது. குறையை மூட அதைப் போர்வையாக்கினால், அடமானம் வைத்தது நம் பேரை இல்லை, சாமியை. அதேபோல நம்மவருக்கு ஒரு விலை, மலாய்க்காரருக்கு ஒரு விலை, சீனருக்கு ஒரு விலை என்று வைத்தால் தராசு மூன்றாகிவிடும். துலாதாரனிடம் இருந்தது ஒரே தராசு.

புத்திசாலித் தம்பி ஒருவர் கேட்பார்: "ஏன் சாமி, சிவபெருமானே நரியைப் பரின்னு சொல்லிப் பாண்டியன்கிட்ட கொடுத்தாரே? ராத்திரியே எல்லாம் நரியாயிடுச்சே?" ஆமாம், திருவிளையாடல் புராணத்தில் அப்படித்தான் வருகிறது. ஆனால் அந்தப் பணம் எங்கே போனது? குதிரை வாங்க மாணிக்கவாசகர் கொண்டுபோன பொன் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவானது. குதிரைக்காரனாக வந்தவர் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு அதே மதுரையில் மண் சுமந்து, அதே பாண்டியன் கையால் பிரம்படியும் வாங்கினார். லாபம் அடியாருக்கு, அடி தனக்கு. நாம் செய்வது தலைகீழ்: லாபம் நமக்கு, அடி வாங்குகிறவருக்கு. ஆகவே நரியை விற்றுவிட்டு ஈசனைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

நியாயம் என்பது நாமாக நட்டப்படுவதும் இல்லை. தராசு உங்கள் பக்கமும் சரியாக நிற்க வேண்டும். முறையாகச் சர்வீஸ் செய்த ரசீதுகள் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள், அதற்குரிய விலையைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வாங்கப் போகிற தம்பிகளே, உங்களுக்கும் இது பொருந்தும். விற்கிறவருக்கு வீட்டில் அவசரம், மருத்துவச் செலவு என்று தெரிந்துகொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் தட்டில் புளி ஒட்டுவதுதான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. விளம்பரம் போடுவதற்கு முன் சாமி விளக்கை ஏற்றிவிட்டு ஒரு தாளை எடுங்கள். காரில் உங்களுக்குத் தெரிந்த குறைகளை ஒன்று விடாமல் எழுதுங்கள்: எப்போது இடிபட்டது, எதை மாற்றினீர்கள், தண்ணீர் புகுந்ததா, அடுத்து எது போகும். விலையை அதற்குப் பிறகு போடுங்கள். பார்க்க வருகிறவர் கையில் அந்தத் தாளையே கொடுங்கள். "எங்கே வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள்" என்று சாவியையும் கொடுங்கள். நம் கிளைகளில் மெக்கானிக் வேலை தெரிந்த தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கிளையில் யாராவது பழைய கார் வாங்கப் போனால் கூடப் போய்ப் பார்த்துக் கொடுங்கள். அதுவும் சரியைத் தொண்டுதான்.

ஆயிரம் வெள்ளி குறைவாகக் கிடைக்கலாம். கிடைக்கட்டும். பழைய காரை விற்ற பணம்தான் புதுக் காருக்கு முன்பணம் ஆகப்போகிறது. அந்தப் புதுக் காரோடு மறுபடி கோயில் வாசலில் நிற்பீர்கள், ஐயர் தேங்காயைச் சுற்றுவார். அந்தத் தேங்காய் யார் காசு என்று அம்பாளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தைரியமாக உடைக்கிற மாதிரி விலை சொல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.