வணங்காக் கழுத்து



சென்ற ஞாயிறன்று ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுவன் 'ஸ்டிஃப்நெக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டான். "பிடிவாதக்காரன்" என்றேன். "அதற்குக் கழுத்து எதற்கு, சாமி?" என்றான். நல்ல கேள்வி.

அச்சொல் எபிரேய மொழியிலிருந்து வேதபுத்தகத்தின் வழியாக வந்தது. மூலத்தில் 'பிடரி கடினமான' என்றிருக்கிறது. 1526-ல் வில்லியம் டிண்டேல் அச்சிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலேயே அதைக் காணலாம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஏர் பிடித்த பெரியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். நுகத்தடி வைத்ததும் கழுத்தை விறைத்துக்கொண்டு திரும்ப மறுக்கும் காளையை அவர்கள் அறிவார்கள். பொற்கன்றை வணங்கிய இஸ்ராயேலரைச் சர்வேசுரன் இப்பெயரால் கடிந்துகொண்டார். கன்றைக் கும்பிட்டவர்கள் நுகம் ஏற்காத மாடாகிப் போனார்கள்!

சொல்லின் உபயோகத்தையும் கவனியுங்கள். 'ஸ்டிஃப் நெக்' என்றால் வெறும் கழுத்துப் பிடிப்பு. தைலம் தேய்த்தால் போய்விடும். 'ஸ்டிஃப்நெக்ட்' என்பதோ அகங்காரம் கலந்த பிடிவாதம். அதைப் புகழ்ச்சியாகச் சொல்வதில்லை. நன்மையில் நிலைத்திருப்பவனுக்கு 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்று வேறு சொல் உண்டு. 2005-ல் தபால்தலையில் இடம்பெற்ற நம் இராஜபாளையம் நாயைப் பாருங்கள்: அந்நியனுக்கு மசியாது, எஜமானின் குரலுக்குத் தலை தாழ்த்தும். அது பிடிவாதமல்ல, விசுவாசம்.

அர்ச். முடியப்பர் ஆலோசனைச் சங்கத்தாரை இதே சொல்லால் கண்டித்தார். கல்லெறிக்கு அஞ்சி அவர் பணியவில்லை. ஆனால் எறிந்தவர்களுக்காக முழந்தாளிட்டு மன்றாடினார். உறுதிக்கும் வணங்காக் கழுத்துக்கும் வித்தியாசம் இதுவே: உறுதியுள்ளவனுக்கு மன்னிக்கத் தெரியும்.

எனக்கும் இந்த நோய் இருந்தது. குருவான புதிதில், வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர் சொன்ன புத்தியை அலட்சியம் செய்தேன். அவர் சொன்னதே சரியென்று பின்னர் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க நாள் கடத்தினேன். கடைசியில் நான் போய் நின்றது அவருடைய அடக்கச் சடங்கில்.

ஒரு வரப்புக்காக, கலியாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக, வருஷக்கணக்கில் பேசாத அண்ணன் தம்பிகள் நம் நடுவில் இல்லையா? "அவன் முதலில் வரட்டும்" என்கிறோம். நற்கருணைக்கு முன் குனிந்த தலை, கோவில் வாசலில் அண்ணனைக் கண்டதும் விறைத்துக்கொள்கிறதே! நம் பழைய வீடுகளின் நிலை தாழ்வானது. குனியாமல் உள்ளே போக முடியாது. இவ்வாரம் அப்படியொரு வாசலில் குனிந்து நுழையுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

சேசுநாதருடைய இனிய நுகம் குனிந்த கழுத்தில்தான் பொருந்தும். ஆமென்.