45-ஆவது ஆளாக நில்!

"இதுவரை 44 பேருக்குச் செய்திருக்கிறார்கள். ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை." டாக்டரே முகத்துக்கு நேராக இப்படிச் சொன்னால் என்ன செய்வாய், தம்பி? செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்கக் கிளம்பியிருப்பாய். 1983-இல் கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனையில் டாம் ஹால் என்ற 58 வயதுக்காரர் கிளம்பவில்லை. பெரிய வீரனோ சாமியாரோ இல்லை அவர். இரும்புச் சாமான் கம்பெனியில் நிர்வாகி. நுரையீரல் நார் நாராக இறுகிப்போகும் நோய். 45-ஆவது ஆளாக என்னை எடுத்துக்கொண்டதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தார். நவம்பர் 7 அன்று ஜோயல் கூப்பரின் குழு அவருக்கு ஒரு நுரையீரலை மாற்றியது. ஆறு ஆண்டுக்கும் மேல் வாழ்ந்தார். உலகில் நுரையீரல் மாற்று அறுவை முதன்முதலாக நிலைத்து நின்றது அவர் நெஞ்சில்தான்.

அவருக்கு முன்னால் போனவர்களில் ஒருவனைப் பற்றி ஒரகடம் தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1968, பெல்ஜியத்தின் கென்ட் நகரம். வயது 23. நோய் சிலிகோசிஸ். சிலிக்கா தூளைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் தழும்பேறிப்போகும் நோய் அது. டாக்டர் ஃப்ரிட்ஸ் டெரோம் அவனுக்கு நுரையீரல் மாற்றினார். 1963-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி செய்த முதல் அறுவையில் நோயாளி 18 நாள்தான் இருந்தார். இந்தப் பையன் பத்து மாதம் இருந்தான். இருபத்து மூன்று! வல்லம் வடகாலில் பி ஷிப்ட் முடித்து, நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறானே, அவன் வயது.

அந்த 44 பேரும் ஏன் போனார்கள்? பலருக்குத் தையல் விட்டது. புது நுரையீரலின் மூச்சுக்குழாயும் நோயாளியின் மூச்சுக்குழாயும் சேருமிடம் ஆறாமல் பிரிந்தது. வெல்டருக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: பைப் நன்றாகத்தான் இருக்கும், ஜாயின்ட்தான் விடும். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அள்ளிக் கொடுத்த ஸ்டீராய்டே புண்ணை ஆறவிடாமல் கெடுக்கிறது என்பதைக் கூப்பரின் குழு நாய்களிடம் சோதித்துக் கண்டுபிடித்தது. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்ததால் ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது. குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையை வயிற்றிலிருந்து மேலே இழுத்து, அந்த ஜாயின்டைச் சுற்றிப் போர்த்தினார்கள். தோற்ற கணக்கை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 45 வந்திருக்காது. எங்கே விட்டது என்று பார்த்தார்கள், வந்தது.

அந்தத் துணிச்சல் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 1999-இல் சென்னையில் டாக்டர் கே.எம். செரியன் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே மாற்றினார். இந்தியாவில் அது முதல் முறை. 2020 ஆகஸ்ட் 27, ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம். அமைந்தகரை எம்.ஜி.எம். மருத்துவமனையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணனின் குழு, கொரோனாவில் நுரையீரல் பாழாகிப்போன டெல்லிக்காரர் ஒருவருக்கு இரண்டு நுரையீரலையும் மாற்றியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்தது இது.

'நினைத்தால் எதையும் வெல்லலாம்' என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஒரு நாள் நடந்து பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். மாற்று நுரையீரலுக்குக் காத்திருப்பவருக்கு ஒரு பரீட்சை உண்டு. 30 மீட்டர் நீளத்தில் ஒரு நடைவழி, விரலில் ஆக்சிமீட்டர், கையில் ஸ்டாப் வாட்சோடு ஒரு நர்ஸ். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறாய் என்று எழுதுவார்கள். நடக்கவே முடியாமல் தசை கரைந்துபோனவரை அறுவைக்கு எடுக்கவே யோசிப்பார்கள். அதனால் சிலிண்டரை இழுத்துக்கொண்டாவது தினமும் நடக்க வேண்டும். எடை குறைந்திருந்தால் ஏற்ற வேண்டும், கூடியிருந்தால் இறக்க வேண்டும். பீடி சிகரெட்டை மாதக்கணக்கில் தொடாமலிருந்து காட்ட வேண்டும். இத்தனையும் போன் எப்போது வரும் என்று தெரியாமலே! வந்தாலும் ரத்த வகை பொருந்த வேண்டும், நெஞ்சுக்கூட்டின் அளவு பொருந்த வேண்டும். நம்பிக்கை என்றால் இதுதானப்பா. பலன் எப்போது என்று தெரியாத வேலையை இன்றைக்கும் ஒரு ஷிப்ட் பார்ப்பது.

அறுவை முடிந்ததும் விடுதலை என்று எண்ணாதே. நுரையீரலை எடுத்து மாற்றும்போது அதன் நரம்புகள் அறுபட்டுவிடும். ஆகவே புது நுரையீரலில் சளி தேங்கினாலும் இருமல் தானாக வராது! இருமவேண்டும் என்று நினைத்து, நேரம் வைத்து, நெஞ்சு வலிக்க வலிக்க இருமவேண்டும். நமக்கெல்லாம் தொல்லை என்று தோன்றும் இருமலை மனஉறுதியால் வரவழைக்கிறார்கள். டாக்ரோலிமஸ் மாத்திரையைக் காலையும் மாலையும் மணி தவறாமல் விழுங்க வேண்டும், வாழ்நாள் முழுவதும். அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் தாறுமாறாகும் என்பதால் பம்பளிமாஸ் பழத்தைத் தொடக் கூடாது. புறா எச்சம், தோண்டிய மண், கட்டடத் தூசி எல்லாவற்றுக்கும் ஒதுங்க வேண்டும். லாரி ஓடும் நம் படப்பை சாலையில் முகக்கவசம் இல்லாமல் காலே வைக்க முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். உடம்பு மெல்ல மெல்ல எதிர்க்கும். தெரிந்துதான் இறங்குகிறார்கள். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வருஷமும் மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷம், மனைவியோடு ஒரு பொங்கல்.

இந்தப் போரில் இன்னொரு தைரியசாலியும் வேண்டும். 2008 செப்டம்பரில், இங்கிருந்து அதிக தூரமில்லாத திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அசோகன், புஷ்பாஞ்சலி என்ற டாக்டர் தம்பதியின் மகன். பெற்ற பிள்ளையின் உடல் இன்னும் சூடாக இருக்கும்போது, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள் அந்தத் தாயும் தந்தையும். அவன் இதயம் போலீஸ் வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பறந்து ஒரு சிறுமிக்குப் போனது. தமிழ்நாட்டில் உறுப்புதானம் வீட்டுத் திண்ணைப் பேச்சானது அதற்குப் பிறகுதான். உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023-இல் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். ஆனாலும் தானமாக வரும் உடல்களில் நுரையீரல் தேறுவது குறைவு. வென்டிலேட்டரில் இருக்கும்போதே சளியும் நீரும் கோத்துக் கெட்டுவிடும். எடுத்ததையும் சில மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். ஒருவர் 'சரி' என்று சொல்லத் தாமதிக்கும் பொழுதில் ஒரு மூச்சு போய்விடுகிறது.

இனி உன்னிடம் வருகிறேன். மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. ஷாட் பிளாஸ்டிங்கிலோ, ஃபவுண்டரியிலோ, கிரைண்டிங்கிலோ, பெயின்ட் பூத்திலோ நிற்கிறாய். வெளியே சொன்னால் கான்ட்ராக்டர் அடுத்த மாதம் கூப்பிட மாட்டான், ஓ.டி. போய்விடும், ஊரில் தங்கச்சி கல்யாணக் கடன் நிற்கும் என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பதை வீரம் என்று மட்டும் சொல்லாதே! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிஸைப் பெயர் சொல்லிப் பட்டியலில் வைத்தது. அதே ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், வேலையால் வந்த நோயை வேலையிடத்துக் காயத்தோடு சமமாக வைத்தது. இ.எஸ்.ஐ. உன் சம்பளத்தில் பிடிக்கும் காசு, பிச்சையில்லை. மூக்கில் கட்டிய கர்ச்சீப் நுண்தூளை நிறுத்தாது. பொருத்தமான மாஸ்க்கைக் கேள், தூசியை உறிஞ்சும் ஃபேன் ஓடவில்லை என்றால் நாலு பேராகப் போய்ச் சொல். தங்கச்சி, உனக்கும்தான். சிலிகோசிஸ் வந்தபின் அதைத் திருப்பும் மருந்து கிடையாது, காசநோயும் எளிதில் தொற்றும். தொடக்கத்திலேயே தூசியை விட்டு விலகினால் மாற்று அறுவை மேஜையே தேவைப்படாமல் போகலாம்.

ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்தால் தாம்பரம். அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். கணித மேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் சவுரிமுத்து, 1928-இல் நெஞ்சுநோயாளிகளுக்கென்று தொடங்கிய இடம். இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இந்த வார ஆஃப் நாளில் அங்கே போ. என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன தூசி என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொல்வார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் திரட்டி ஊது. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வை. வருகிற வருஷமும் போய் ஊதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.