காண்டலும் கருதலும்

தலைநகரில் குடியேறிய தமிழர் இல்லங்களில் தவறாமல் நிகழும் கடமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப்மினார், செங்கோட்டை, ஆக்ரா என்று அழைத்துச் சென்று காட்டுவது. முப்பது ஆண்டுகளாக அக்கடமையைச் செவ்வனே ஆற்றியிருக்கிறேன். ஓரிடத்தைப் பார்ப்பதிலும் அறமென்று ஒன்று உண்டோ என எண்ணியதில்லை. எண்ண வைத்தவள் என் மகள்.

அவள் ஜெர்மனியில் யேனா நகரப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறாள். வங்கிக் கடனும் அவள் தாயின் நகைகளும் சேர்ந்து அனுப்பி வைத்த படிப்பு. ஆதலால் விடுமுறைதோறும் அவள் பாரிசுக்கும் பிராகாவுக்கும் புறப்பட்டபோது எனக்கு மனத்தாங்கல். “படிக்கப் போனாயா, ஊர் பார்க்கப் போனாயா, அம்மா?” என்று ஒருமுறை கேட்டும் விட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

யேனாவிலிருந்து வைமார் நகருக்கு இரயிலில் கால்மணி நேரம். மகாகவி கதே 1775-இல் வந்து, 1832-இல் மறையும்வரை வாழ்ந்த ஊர். அவரும் ஷில்லரும் இணைந்து நிற்கும் சிலை ஒன்று அங்கே நாடக அரங்கின் முன் உள்ளது, 1857-இல் நிறுவியது. அதன் கீழ் அவள் நின்ற படம் ஒருநாள் காலையில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இரவு தொலைபேசியில் விசாரித்தேன். “புகன்வால்டுக்குப் போயிருந்தேன், அப்பா. படம் எடுக்கவில்லை” என்றாள்.

வைமாரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரில் எட்டர்ஸ்பெர்க் குன்று. கதே உலாவிய காடு அது. அங்கேதான் 1937-இல் நாசிகள் புகன்வால்டு வதைமுகாமை அமைத்தனர். 1945 ஏப்ரல்வரை அதிலும் அதன் கிளைகளிலும் சுமார் 2,80,000 பேர் அடைபட்டனர். ஏறத்தாழ 56,000 பேர் மாண்டனர். காட்டை அழித்தவர்கள் ஓக் மரம் ஒன்றை மட்டும் வெட்டாது விட்டனர். கைதிகள் அதைக் கதேயின் மரம் என்றழைத்தனர். 1944-இல் குண்டுவீச்சில் எரிந்த அதன் அடிக்கட்டை இன்றும் இருக்கிறது. மரத்துக்குக் காட்டிய மரியாதை மனிதனுக்குக் கிட்டவில்லை!

‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்று பொருள்படும் இரும்பு எழுத்துகள் வாயிற்கதவில் உள்ளன. உள்ளே நிற்பவர் படிக்கும்படி அமைத்தவை. அதன் முன் சிலர் சிரித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்களாம். “என் கையும் பைக்குள் கைப்பேசியைத் தேடியது, அப்பா. அப்போதுதான் வெட்கமாயிற்று” என்றாள். உள்ளே பார்ப்பதற்கு அதிகமில்லை. கைதிகளின் கொட்டகைகளை இடித்துவிட்டார்கள்; சரளைக்கல் பரப்பிய சரிவும் காற்றுந்தான். தரையில் ஓர் உலோகத் தகடு, 1995-இல் பதித்தது. அதை எந்நாளும் மனித உடலின் வெப்பமாகிய 37 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். பனி பெய்தால் அதன்மேல் உருகிவிடும். மண்டியிட்டு அதில் உள்ளங்கையை வைத்தாளாம். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என நம் அளவை நூலோர் வகுத்தனர். சுற்றுலா என்பது காண்டல் ஒன்றையே முழு அறிவென நம்பும் ஏற்பாடு. அந்த வெற்றுச் சரிவிலோ கண்ணுக்கு இரையில்லை. பிழைத்தோர் உரையைக் கேட்டுக் கருதலால் நிரப்பினாலன்றி அது வெறும் மேடு. நிரப்ப மறுப்பவன் யாருக்குத் தீங்கிழைத்தான்? மாண்டோர் அறியப் போவதில்லையே என்பர். நானும் முதலில் அப்படித்தான் வாதிட்டேன்.

ஆனால் வைமார் மக்களை நினைத்துப் பார்க்கவேண்டும். 1945 ஏப்ரல் 16 அன்று அமெரிக்கப் படையினர் அவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேரை முகாமுக்கு நடத்திச் சென்று காட்டினர். தமக்கு ஒன்றும் தெரியாதென்றே பலர் சொன்னார்கள். கைதிகளோ அந்நகரத்துத் தொழிற்சாலையிலேயே வேலை செய்தவர்கள். கண்ணில் பட்டது, கருத மறுத்தார்கள். படமெடுத்துச் சிரிக்கும் பயணியை அவர்களோடு ஒரே தட்டில் வைப்பது மிகை, அறிவேன். ஆயினும் விழி திறந்திருக்கவே பாராதிருக்கும் பழக்கம் இருவருக்கும் பொதுவோ என அஞ்சுகிறேன்.

அன்றிரவு பழைய படத்தொகுப்பை எடுத்தேன். 2004-இல் மாமனார் குடும்பத்தாரை அமிருதசரசுக்கு அழைத்துச் சென்றபோது எடுத்த படம். ஜாலியன்வாலா பாக் சுவர். 1919 ஏப்ரல் 13 அன்று டயரின் ஆணைப்படி சுட்ட குண்டுகள் பதித்த துளைகளைச் சுற்றி வெள்ளைக் கட்டமிட்டிருக்கிறார்கள். ஒரு துளையில் விரலை வைத்தபடி நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் மூன்று வயது மகள். அவளையும் சிரிக்கச் சொல்லியிருப்பேன்.

டிசம்பரில் அவள் வருகிறாள். அதே வாரம் ஊரிலிருந்து என் தங்கை குடும்பமும் வருகிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அமிருதசரசும் உண்டு. இரயிலில் இடம் பதிவு செய்துவிட்டேன். அந்தப் படத்தை மகளிடம் இன்னும் காட்டவில்லை.