பழையபடி

செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து துருப்பிடித்த ஓர் அறுப்பு யந்திரத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால், என் வீட்டில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். "உங்களுக்குக் கோபுரத்தைக் காட்டினால், அதன் கீழே பொரி விற்கிறவன்தான் கண்ணில் படுவான்" என்பது என் மனைவி வெகு காலமாகச் சொல்லிவரும் குறை.

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கொஞ்சம் நஞ்சை, கொஞ்சம் மணிலாக் கொல்லை, நாலு கறவை மாடு என்று வாழ்கிறவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்ததும் எனக்குப் போன் செய்தார். "இனிமே கூட்டம் வந்துடும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நிதானமா பார்த்துட்டுப் போங்க" என்றார். போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கோட்டைக்கு அழைத்துப் போகாமல், திண்டிவனம் சாலையில் இருந்த ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார். "ரெண்டு நிமிஷ வேலை" என்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

தகரக் கொட்டகைக்கு முன்னால் ஒரு பவர் டில்லர் நின்றது. நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மாட்டுக்குப் பதில் ஓர் எஞ்சின், மேழிக்குப் பதில் இரண்டு நீண்ட கைப்பிடிகள், பின்னால் நடந்து போகும் மனிதன். இவ்வளவுதான் பவர் டில்லர். ஜப்பானியர் தங்கள் சிறு வயல்களுக்கு ஏற்றபடி வளர்த்த யந்திரம் இது. மிட்சுபிஷியின் கூட்டுறவோடு 1967-ல் பெங்களூரில் இதற்கென்று ஒரு தொழிற்சாலை தோன்றியது. நண்பரின் தகப்பனார் 1985-ல் ஒரு டில்லரும், அதன் முன்னால் மாட்டி நெல்லும் புல்லும் அறுக்கிற இணைப்பு ஒன்றும் வாங்கினாராம். ஊரில் அதற்குப் பெயர் 'ரீப்பர்'. டில்லர் ஓடிக்கொண்டேயிருந்தது, ரீப்பர் முப்பது வருஷத்துக்கு மேலாக மாட்டுக் கொட்டகையின் பின்புறம் கிடந்தது. அதைத்தான் இப்போது தரையில் கோணியை விரித்து, பாகம் பாகமாகக் கழற்றிப் பரப்பியிருந்தார்கள்.

நான் யந்திரங்களின் விரோதி அல்ல. ஆனால் அவற்றைப் புரிந்துகொண்டவனும் அல்ல. மேஸ்திரி பொறுமைசாலி. எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நீளமான ஓர் இரும்புச் சட்டத்தில் முக்கோணக் கத்திகளை வரிசையாக வைத்து ஆணி அறைந்திருக்கிறார்கள். எஞ்சின் சுழல்வதை ஒரு தண்டு வாங்கி, அந்தச் சட்டத்தை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. கத்திகளுக்கு முன்னால் கூரான உறைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை பயிரைப் பிரித்துத் தாங்கிக் கொடுக்க, கத்தி வந்து வெட்டிவிட்டுப் போகிறது. கத்தரிக்கோலின் தத்துவந்தான். கீழ்த் தகட்டுக்கும் கத்திக்கும் இடைவெளி ஒரு காகிதக் கனம் கூடினால், தாள் வெட்டுப்படாமல் மடங்கிச் சொருகிக்கொள்ளும். 1830-களில் அமெரிக்காவில் ஹஸ்ஸியும் மக்கார்மிக்கும் போட்டி போட்டுக்கொண்டு பதிவு செய்த வித்தை, பெரிய மாறுதல் இல்லாமல் இந்தக் கோணிமேல் கிடக்கிறது. அந்தக் கூரான உறைகளுக்கு இங்கிலீஷில் 'விரல்' என்றே பெயர். பட்டறையிலும் 'ஃபிங்கர்' என்றுதான் சொன்னார்கள்.

துருவேறிய மரையாணிகளை டீசலில் இரண்டு நாள் ஊறப் போட்டிருந்தார் மேஸ்திரி. அப்படியும் மசியாதவற்றை நெருப்புக் காட்டித் தளர்த்தினார். பழைய கத்திகளின் ஆணித் தலையை உளியால் சீவி, முளையால் தட்டி வெளியே தள்ளினார். அவர் வேலை செய்த அழகைச் சொன்னால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். கத்திகளில் பாதிக்குமேல் உதவாது. புதிதாகப் போட வேண்டும். பெல்ட் இற்றுவிட்டது. இரண்டு தாங்கிகள் போய்விட்டன.

"எல்லாத்தையும் மாத்திடுங்க மேஸ்திரி. செலவைப் பத்திக் கவலையில்ல. அப்பா வாங்கினப்போ எப்படி இருந்துதோ, பழையபடி அப்படியே ஆகணும்" என்றார் நண்பர்.

ஏன் இந்த ஆசை என்று கேட்டேன். வைக்கோலுக்காக என்றார். இப்போது வாடகைக்கு வரும் பெரிய அறுவடை வண்டி வைக்கோலை நொறுக்கிப் போட்டுவிடுகிறதாம். ரீப்பர் அறுத்தால் தாள் முழுசாகக் கிடைக்கும். காரணம் சரியானதுதான். ஆனால் கழித்துப் போட்ட கத்திகளை அவர் ஒரு சாக்கில் பொறுக்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தபோது, வைக்கோல் மட்டும் காரணமல்ல என்று தெரிந்தது.

கத்தி புதிது, பெல்ட் புதிது, தாங்கி புதிது, வர்ணம் புதிது என்றால் அப்பா வாங்கிய யந்திரம் எது? கிரேக்கர்கள் இதை ஒரு கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் போற்றிக் காத்து, உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டுக்கொண்டே வந்தார்களாம். அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள் என்கிறார் புளூட்டார்க். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அந்தச் சண்டையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். கழித்த பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? நண்பரின் தோளில் தொங்கிய சாக்கைப் பார்த்தபோது எனக்கு ஹாப்ஸ் நினைவு வந்தது. ரசமான புதிர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேச ஏற்றது. ஆனால் அதைவிடக் கடினமான வேறொரு கேள்வி அந்தக் கோணியின் மேலேயே கிடந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

மேஸ்திரி கவனித்திருந்தார். விரல்களில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. "இது பயிர்ல மோதி வளைஞ்சது இல்ல சார். கடப்பாரை போட்டு நெம்பியிருக்காங்க. என்ன ஆச்சு?" என்றார். நண்பர் பதில் சொல்லாமல், "மாத்திடுங்க" என்றார்.

பிற்பகல் கோட்டைக்குப் போனோம். ராஜகிரி எண்ணூறு அடி உயரம். பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டோம். கீழே கல்யாண மகால் பொம்மை மாதிரி நின்றது. சுற்றி இருந்த மாளிகைகள் இல்லை. அவற்றின் அடித்தளங்கள் மட்டும் வெயிலில் கிடந்தன. தொல்பொருள் இலாகாவினர் விரிசலை அடைக்கிறார்கள், சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்கிறார்கள்; இல்லாத மாளிகையைக் கட்டி எழுப்புவதில்லை. 1923-ல் ஜான் மார்ஷல் அவர்களுக்கென்று எழுதிய கையேட்டின் சாரமே அதுதான்: இருப்பதைக் காப்பாற்று, புதிதாக்காதே. நம் கோயில்களின் மரபு இதற்கு நேர் எதிர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து, வர்ணம் பூசி, குடமுழுக்குச் செய்து, கோயிலை மறுபடி இளமையாக்குகிறோம். எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகின்றன. ஒன்று பார்க்கிறவனுக்காக, மற்றொன்று கும்பிடுகிறவனுக்காக. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீச்சிக் கல்லைச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்த கதையைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

ஆனால் கோட்டையைப் 'பழையபடி' ஆக்குவது என்று யாராவது முடிவு செய்துவிட்டால், எந்தப் பழையபடி? ஆனந்தக் கோன் கட்டினான் என்று ஊர் சொல்கிற பழசா? நாயக்கர்கள் விரித்துக் கட்டிய பழசா? 1677-ல் சிவாஜி பிடித்தார். 1698-ல் எட்டு வருஷ முற்றுகைக்குப் பின் மொகலாயர் பிடித்தார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் இங்கிலீஷ்காரர். யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்று. மராட்டியர் இங்கே இருந்தது இருபத்தொரு வருஷம். ஊராரைக் கேட்டால் தேசிங்கு ராஜாவின் கோட்டை என்பார்கள். 1714-ல் மாண்ட அவன் ஆண்டது ஒரு வருஷங்கூட இல்லை. வேங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். செஞ்சித் தூண்கள் இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கி வந்து இங்கே நட்டால் நமக்குத் திருப்தியாக இருக்கலாம். இந்தக் கல்லையெல்லாம் மலைமேல் ஏற்றிய கூலிக்காரனைக் கேட்டால், அவன் எதைப் பழையபடி வேண்டும் என்று கேட்பான்?

இப்படி நான் உரக்க யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் அந்த வளைந்த விரலின் கதையைச் சொன்னார்.

1988 தை மாத அறுவடை. யந்திரம் வந்த பிறகு கருக்கரிவாளோடு வரும் பெண்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். களத்தில் அளக்கிற கூலி நெல்லும் குறைந்திருந்தது. அந்த மனத்தாங்கல் ஊரில் இருந்தது. யந்திரத்தை ஓட்டியது பண்ணையில் வேலை செய்த ஓர் இளைஞர். வரப்போரம் கோரை சிக்கிக் கத்தி நின்றுவிட்டது. எஞ்சினை அணைக்காமல், கிளட்சை மட்டும் விடுவித்துவிட்டு, முன்னால் குனிந்து கோரையைப் பிடுங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது பதினைந்து வயதுப் பையன் ஒருவன். விளையாட்டோ, கை தவறியதோ, பையன் கிளட்சைத் தட்டிவிட்டான். இரண்டு விரல்கள் போயின. மாட்டிக்கொண்ட கையை எடுப்பதற்காகத்தான் கடப்பாரை போட்டு நெம்பியது.

"பையன் நான்தான்" என்றார் நண்பர்.

தகப்பனார் ஆஸ்பத்திரிச் செலவையும் சில மூட்டை நெல்லையும் கொடுத்தார். அஜாக்கிரதையாகக் கையை விட்டுவிட்டான் என்பது வீட்டில் சொல்லப்பட்டு, ஊரிலும் நிலைத்துவிட்ட கதை. அடுத்த வருஷம் ரீப்பரைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது அந்த மனிதரே அங்கே நின்றிருந்தார். யந்திரத்தைப் பழுது பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பார்க்க வந்திருக்கிறார். இப்போது அறுபதைத் தாண்டியவர். வலக்கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். நண்பர், "வாங்க, உட்காருங்க" என்றார். அவருடைய தகப்பனார் இருந்தால் 'வாடா' என்றிருப்பார். உட்காரச் சொல்லியிருக்க மாட்டார். பழையபடி வேண்டாம் என்று நாம் சத்தமில்லாமல் கைவிட்ட சங்கதிகளும் இருக்கத்தான் இருக்கின்றன.

பெரியவர் கோணிமேல் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். வளைந்த விரலை இடக்கையால் எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கதாசிரியன் புத்தி! அதை அப்படியே ஒரு சாட்சியாக யந்திரத்தில் விட்டுவைக்க வேண்டும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் மேஸ்திரியிடம், "இத மாத்திடுங்க. கத்தி தட்டும்" என்றார்.

"எல்லாத்தையும் மாத்திப் பழையபடி ஆக்கிடறோம்" என்றார் மேஸ்திரி.

"பழையபடின்னு சொல்லாதீங்க மேஸ்திரி. பழையபடி இருந்துதான் என் கை போச்சு. கைப்பிடிய விட்டா கத்தி நின்னு போறாப்ல ஒரு ஏற்பாடு பண்ண முடியுமா?"

முடியும் என்றார் மேஸ்திரி. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கத்தியை ஓட்டுகிற பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கப்பி ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்பிரிங்கைப் போட்டு, மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளால் கைப்பிடிக்கு இணைத்தால், பிடியை அழுத்தி வைத்திருக்கும் வரைதான் பெல்ட் இறுகும். கை எடுத்தால் தளர்ந்துவிடும். கையை விட்டால் வண்டி நின்றுபோகும் இந்த ஏற்பாடு ரெயில், டிராம் வண்டிகளில் நெடுங்காலமாக உண்டு. முன்னால் குனிந்திருப்பவனின் விரலைப் பின்னால் நிற்பவனின் கவனத்தை நம்பி விடக் கூடாது என்ற எண்ணம், நெல் அறுக்கிற யந்திரத்துக்கு இப்போதுதான் ஏறிற்று.

நண்பருடைய ஆசை பொய் என்று நான் சொல்லவில்லை. தகப்பனாரின் யந்திரம் மறுபடி ஓட வேண்டும் என்று ஒரு பிள்ளை விரும்புவது நல்ல விருப்பம். ஆனால் பழமையில் சௌகரியமாக இருந்தவனுக்குத்தான் 'பழையபடி' என்ற சொல் இனிக்கிறது. தன் நல்ல நாளை ஒருவன் துலக்கி எடுக்கும்போது, அதே நாளில் இன்னொருவன் அடைந்த நஷ்டம் துருவோடு துருவாகச் சுரண்டப்பட்டுப் போகிறது. அப்படியானால் பழுதே பார்க்கக் கூடாதா, வளைந்ததை வளைந்தபடியே கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்றால், பாதிக்கப்பட்டவரே மாற்றச் சொல்லிவிட்டார். அவருக்கு ஞாபகச் சின்னம் தேவையில்லை. அவர் கை இருக்கிறது. அவர் கேட்டது, இனி ஓட்டப் போகிறவனுக்காக. கோட்டையைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் நான் மலைமேல் உட்கார்ந்து பேசிய பேச்சில் இந்த 'இனி' என்பது ஓர் இடத்திலும் வரவில்லை.

ஒன்று மட்டும் என் மனசை உறுத்திக்கொண்டிருக்கிறது. நண்பர் அன்று பெரியவரிடம் கிளட்ச் விஷயத்தை எடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தார். "கையை விட்டால்" என்று பெரியவர் சொன்னபோது யாரை நினைத்துச் சொன்னார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. நானும் நண்பரைத் தூண்டவில்லை. புது விரலை மாட்டி வர்ணம் பூசிவிட்டால், வீட்டில் சொல்லிவந்த கதைக்கும் ஒரு பூச்சுப் பூசினதாகிவிடுமோ என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பு முன் நண்பரை வரவழைத்துப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகச் சொல்லித்தான் படித்தேன். முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "ஒரு தப்பு இருக்கு. ரெண்டு விரல் இல்ல, மூணு" என்றார். "நீங்கள்தானே இரண்டு என்றீர்கள்?" என்றேன். "ஆமாம். எங்க வீட்ல ரெண்டுன்னுதான் சொல்லுவாங்க" என்றார். மேலே எழுதியதை நான் அழிக்கவில்லை. திருத்தத்தை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அவர் கைப்பிரதியை ஒருநாள் இரவல் கேட்டார். பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்றார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிப் போனார்.